பெட்டி

சிகாகோ, 1914 ஏப்ரல்

வாக்குச்சாவடி என்று அவர்கள் சொன்ன இடம்
ஒரு முடிதிருத்தும் கடை.
ஏழு வருடமாக இதே தெருவில் துணி வெளுக்கிறேன்,
அதன் படியில்கூடக் கால் வைத்ததில்லை.
உள்ளே சுவர் நிறையக் கண்ணாடி.
சோடா தின்ற விரல்களோடு
மூன்று நான்கள் வரிசையில் நிற்கிறோம்.
சோப்பு நுரைக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு
அங்கே பேரேட்டை விரித்திருக்கிறான் எழுத்தன்.

பிப்ரவரியில் பதியப் போனபோது வயது கேட்டார்கள்.
எனக்கு முன்னால் நின்ற திருமதி ஷிமேக்
முப்பது என்றாள்.
அவள் மூத்தவனுக்கே இருபத்திரண்டு.
யாரும் சிரிக்கவில்லை.
என்னிடம் புருஷனின் குடியுரிமைத் தாளைக் கேட்டார்கள்.
மாவு டப்பாவிலிருந்து எடுத்துப் போயிருந்தேன்.
வாட்ஸ்லாவ் ஹ்ரூபெட்ஸ் என்று அழகான கையெழுத்து.
அதன் மடிப்பில் ஒட்டிய மாவு மாதிரி
நானும் இந்த நாட்டுக் குடிமகள்.

கவுன்சிலர் மல்காஹி கெட்டவர் என்று
நான் எங்கேயும் சொன்னதில்லை.
வாட்ஸ்லாவுக்கு இறைச்சிக்கூடத்தில் வேலை
அவர் கொடுத்த துண்டுச்சீட்டில் வந்தது.
ஜனவரிதோறும் அரைமூட்டை நிலக்கரி.
அனேஷ்கா போனபோது
வெள்ளைப் பெட்டி, பித்தளைக் கைப்பிடி,
எல்லாம் அவர் செலவு.
தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு
கல்லறைவரை நடந்து வந்தார்.
அன்றைக்கு மழை.
தெருமுனைக் குப்பைக்குழியைச் சுற்றிக்கொண்டு
ஊர்வலம் போனது.
அவரும் சுற்றித்தான் போனார்,
பூட்ஸில் படாமல்.

குழி அவர் மச்சான் குத்தகை.
நகரத்து அழுகல் முழுக்க அங்கேதான் இறங்கும்,
வண்டிக்கு இவ்வளவு என்று.
ஆகஸ்டில் பால்பானையின் விளிம்பு
ஈயால் கறுக்கும்.
அனேஷ்காவுக்குப் பதினோரு மாதம்.

பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து மிஸ் தார்ன்டைக்
ஒரு வரைபடம் கொண்டுவந்து விரித்தாள்.
கறுப்புக் குண்டூசி ஒன்றுக்கு ஒரு குழந்தை.
குழியைச் சுற்றி ஊசிகள்
மொய்த்துக் கிடந்தன.
இதில் என்னுடையது எது என்றேன்.
தெரியவில்லை என்றாள்.
ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டாமல் விட்டாளே,
அதனால்தான் அவளை நம்பினேன்.

"பெட்டி வாங்கித் தந்தவருக்கு எதிராகவா?"
வாட்ஸ்லாவ் அன்றிரவு சூப்பைத் தொடவில்லை.
நியாயம்தான்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும்.
நினைத்தேன்.
திரைச்சீலைக்குள் நின்று, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு
நிறைய நேரம் நினைத்தேன்.
வெளியே யாரோ இருமினார்கள்.

பென்சிலை ஆட்டுக்குட்டிபோல் கட்டிவைத்திருந்தார்கள்.
குறுக்கே ஒரு கோடு, அதன்மேல் இன்னொன்று.
இன்ன வீட்டுச் சட்டை என்று தெரிய
காலருக்குள் சிவப்பு நூலால்
நான் தினமும் போடுகிற குறிதான்.
இதற்கா பயந்தேன்?

பெண்களுக்குத் தனிச்சீட்டு, தனிப்பெட்டி.
அதற்கு வெள்ளை அடித்திருந்தார்கள்.
அடித்தவனுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது.
அளவும் ஏறக்குறைய அதுதான்.
என் கை நின்றுவிட்டது.
"போடம்மா, போடு" என்றான் எழுத்தன்.
போட்டேன்.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஜெயித்தது மல்காஹிதான்.
போன தடவை இரண்டாயிரம் வித்தியாசம்,
இந்தத் தடவை நூற்றுச் சொச்சம்.
வாட்ஸ்லாவ் அன்று இரண்டு கிண்ணம் சூப் குடித்தான்.

வியாழக்கிழமை அவர் வந்தார்.
எப்போதும் முன்வாசலில் நின்று
ஆண்பிள்ளையின் பெயரைக் கூப்பிடுகிறவர்,
பின்வாசலில், சலவைத் தொட்டியருகே,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு:
"திருமதி ஹ்ரூபெட்ஸ், உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?"

கையைத் துடைத்தேன்.
"ஒரு மூடி."
அவர் முகம் சட்டென்று கனிந்தது.
தப்பாகப் புரிந்துகொண்டார்.
"யார், யாருக்கு?" என்றார் மெதுவாக.

"குழிக்கு" என்றேன்.

தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருகினார்.
நான் அடுத்த சட்டையை எடுத்து
காலரைத் திருப்பி
குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் இன்னும் போகவில்லை.